விரல் இல்லாத ஊர்

தோப்பை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரமே சதுக்கத்தின் வாசலில் கூட்டம் நெரிய ஆரம்பித்துவிட்டது. தோப்பு, சதுக்கம் இரண்டுமே ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு போகிற ஊர்கள். வீட்டு நாற்காலியை விட்டு எழாமலே அங்கே நடக்கலாம், பிடித்த உருவத்தை எடுத்துக்கொள்ளலாம், நாலு பேரோடு உட்கார்ந்து பேசலாம். தோப்பை நடத்திய நிறுவனம் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டது. அங்கே வருஷக்கணக்காகப் புழங்கியவர்கள் மூட்டை முடிச்சுகூட இல்லாமல் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு வழி சொல்ல வாசலில் சிலர் நிற்பார்கள். சம்பளம் எதுவும் கிடையாது. அடையாளத்துக்குத் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு மிதக்கும், அவ்வளவுதான். அப்படி நின்றவர்களில் ஒருத்தியை எல்லோரும் விளக்கக்கா என்று கூப்பிட்டார்கள்.

வெளியுலகில் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, மறுபக்கம் வருவதைப் பிடித்து மடிக்கிற வேலை. முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்தபோது அவள் தம்பி பொழுதுபோக்குக்காக ஹெட்செட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் அதை விடவில்லை. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவி, டீயைக் குடித்துவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்து மாட்டிக்கொள்வாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்து ஊருக்கு வழி காட்டுற ஒரே ஆள் நீதான்" என்பார். "அங்க விளக்கறதும் நீ, விளக்கும் நீ. இங்க பாத்திரம் விளக்கறது மட்டும் நான்."

"பளபளன்னு இருக்கட்டும்" என்பாள் அவள் ஹெட்செட்டுக்குள்ளிருந்து.

புதிதாக வந்தவர்களுக்கு எல்லாமே சிக்கலாக இருந்தது. தோப்பில் தலையைத் திருப்பினால் போதும், நடை திரும்பிவிடும். இங்கே கையில் பிடித்த கருவியைக் கட்டைவிரலால் தள்ளித் திருப்ப வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். "கீழ உங்க வீட்டுத் தரையைக் காலால அழுத்திப் பாருங்க. உங்க உடம்பு அங்கதான் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக் கொடுப்பாள். யாராவது மேலே வந்து இடித்தால் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்வது எப்படி, காது அடைத்துப் போகிற சத்தம் போடுகிறவனின் சத்தத்தை மட்டும் நிறுத்துவது எப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு. தோப்பில் கட்டிய வீடு போயிற்று, சிநேகிதர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை என்பார்கள். அவர்களோடு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

ஒரு நாள் வாசல் சுவரை ஒட்டி ஒரு கூட்டம் நிற்பதைப் பார்த்தாள். இருபது பேர் இருக்கும். கரடி, குருவி, தலையில் பானை வைத்த பொம்மை என்று பல உருவங்கள். முன்னால் ஒரு நெட்டைக் கொக்கு. யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கைகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாவி கொடுத்த பொம்மைகள் பழுதாகிப் போன மாதிரி அந்தக் கைகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடங்கின. அந்த வழியாகப் போன பையன்கள் கூட்டம் அவர்கள் எதிரே நின்று அதே மாதிரி கையை ஆட்டிச் சிரித்தது.

விளக்கக்கா பையன்களை விரட்டிவிட்டுப் பக்கத்தில் போனாள். "வாங்க, தோப்பிலிருந்து வர்றீங்களா?"

பதில் இல்லை. கொக்கு அவளைப் பார்த்துத் திரும்பியது. காது இருக்கும் இடத்தைத் தொட்டுக் கையை அசைத்தது. பிறகு காற்றில் எழுதுகிற பேனாவை எடுத்து, கோணல் எழுத்தில் எழுதியது.

"எங்களுக்குக் காது இல்லை. இங்கே விரல் இல்லை."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னாலிருந்த கரடிதான் வாயைத் திறந்து விளக்கியது. அந்தக் கரடி ஒரு டீச்சர். காது கேளாதோர் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். நடுவயதில் அவருக்கும் காது மந்தமாகிவிட்டது. ஆனால் பேச்சு இருந்தது. குரல் கொஞ்சம் தட்டையாக, தேவைக்கு மேல் சத்தமாக வரும்.

"தோப்புல ஹெட்செட் கேமரா எங்க ஒவ்வொரு விரலையும் பார்க்கும். நாங்க சைகையில பேசுறதை அப்படியே காட்டும். இங்க கைக்கு நாலே நாலு வடிவம்தான். மூடின கை, விரிச்ச கை, சுட்டுவிரல், கட்டைவிரல். முடிஞ்சுது. எங்க பாஷை பூரா விரல்ல இருக்கு. இப்ப பாருங்க, இவர் ஏதோ சொல்லிட்டிருக்கார். தண்ணிக்கும் தங்கச்சிக்கும் ஒரு விரல்தான் வித்தியாசம். இங்க அந்த விரல் வரலை. 'தங்கச்சியைக் குடிச்சேன்'னு சொல்றார்."

கொக்கு தலையில் அடித்துக்கொண்டது. அதற்கு விரல் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கூட்டம் விளக்கக்காவின் பொறுப்பு ஆயிற்று. வாசலைத் தாண்டி, புதியவர்கள் பழகிக்கொள்வதற்கென்று சில கூடங்கள் உண்டு. அதில் பெரிய கண்ணாடி வைத்த ஒன்றைப் பிடித்து அவர்களை அங்கே உட்கார வைத்தாள். தங்கள் கை இந்த ஊரில் எப்படித் தெரிகிறது என்று அவர்கள் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சோதித்தார்கள். விரலால் சொன்னதை முழங்கையால் சொன்னார்கள், தோளால் சொன்னார்கள். நெற்றியில் வைத்தால் ஒரு பொருள், தாடையில் வைத்தால் இன்னொன்று. ஒரு சொல்லுக்குச் சண்டை மூண்டு, ஒரு சாயங்காலம் முழுக்க முடியாமல், மறுநாளும் தொடரும். விளக்கக்கா கூடவே கற்றுக்கொண்டாள். சலவைக்கூடத்து இரைச்சலில் பெண்கள் ஒருவருக்கொருவர் கையாலேயே ஜாடை காட்டிப் பழக்கம். அது இங்கே செல்லாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அவள் "நிறுத்து" என்று காட்டியது அவர்களுக்கு "கல்யாணம்" ஆகிவிட்டது.

கொக்குதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். அவர் ஒரு தையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பிறவியிலேயே காது கேட்காது. வீட்டின் முன்னறையே கடை. நாலு வடிவத்தை வைத்துக்கொண்டு அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் கூடமே குலுங்கும். இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைக்கிற வாடிக்கையாளர், தைத்து வாங்கின கால்சட்டையில் மூச்சை விட்டதும் பொத்தான் தெறித்து எதிரே இருந்த மனைவியின் நெற்றியில் போய் அடிப்பது, அதற்கு அந்த அம்மாள் தையல்காரரைத் திட்டுவது என்று மூன்று பேராகவும் அவரே மாறுவார். டீச்சர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

"வீட்டுல இப்படித்தான் கலகலன்னு இருப்பாரா?" என்று ஒரு தடவை விளக்கக்கா கேட்டாள்.

டீச்சர் கேட்டுச் சொன்னார். கொக்கு சிறகை மடக்கி உட்கார்ந்தது.

"வீட்டில் யாருக்கும் இந்தப் பாஷை தெரியாதாம். மனைவிக்கும் தெரியாது, ரெண்டு பையன்களுக்கும் தெரியாது. சாப்பாட்டுக்குத் தட்டைக் காட்டுவாங்க. துணி வந்தா துணியைக் காட்டுவாங்க. அது போதுமா இருக்குன்னு சொல்றார்."

"அவங்க கத்துக்கலையா?"

"கல்யாணம் ஆன புதுசுல இவர் ரெண்டு மூணு சைகை காட்டியிருக்கார். ஊர்ல பார்க்கறவங்க சிரிக்கறாங்கன்னு அந்தம்மா கையைப் பிடிச்சுக் கீழ இறக்கிட்டாங்களாம். இவர் படிச்ச பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சைகை பண்ணா கையில அடி விழும், உதட்டை அசைச்சுப் பேசப் பழகணும்னு. அதனால அவங்க மேல கோபம் வரலைன்னு சொல்றார்."

அடுத்த சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஆட்கள் மறையத் தொடங்கினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே குருவி காணாமல் போகும். திரும்ப வந்து கோபமாகக் கையை உதறும். கொஞ்ச நேரத்தில் பானைத்தலை போய்விடும். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சதுக்கத்தில் ஆள் இல்லாத உருவங்களை விட்டுக் கூட்டம் காட்டுகிற ஏமாற்றுக்காரர்கள் பெருத்துவிட்டார்கள். அதனால் இப்போது நெடுநேரம் மைக்கில் சத்தம் வராத உருவத்தைப் பொம்மை என்று கணக்கில் எடுத்து ஊரே வெளியே தள்ளிவிடுமாம். மேற்பார்வையாளருக்கு விளக்கக்கா எழுதிப் போட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள்.

"மைக்கைத் திறந்து வச்சுட்டு ஏதாவது சத்தம் பண்ணிக்கிட்டே இருங்க. என்ன சத்தம்னு அதுக்குத் தெரியாது. ஆள் இருக்குன்னு நினைச்சுக்கும்."

பலித்தது. ஒருவர் மேசையில் கரண்டியால் தட்டினார். இன்னொருத்தி ரேடியோவைப் போட்டு வைத்தாள், அது என்ன பாடுகிறது என்று தெரியாமலே. கொக்கு தையல் மிஷினின் மிதியில் காலை வைத்துக்கொண்டார். கைகள் கதை சொல்ல, கால் மிதித்துக்கொண்டே இருக்கும். கூடத்துக்குள் நுழைந்தால் பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும். அந்த ஆரவாரத்துக்கு நடுவே அவர்கள் மட்டும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மைக் மிஷினை மட்டும் கேட்கவில்லை. வீட்டையே கேட்டது. ஒருவர் வீட்டில் குழந்தை அழுதது. இன்னொரு வீட்டில் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் மல்லுக்கு நின்றார்கள். கொக்கின் வீட்டில் ஒரு பெண் குரல் போனில் யாரிடமோ நீளமாகப் பேசும். அந்தக் குரலில் அழுகை இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவில் காதை வைத்த மாதிரி விளக்கக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் மைக்கை மூடுவார்கள். மூடினால் ஊர் அவர்களை வெளியே தள்ளும். டீச்சருக்கு அந்தச் சத்தத்தில் பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரித்துக் கேட்கிற அளவுக்குக் காது இல்லை. மேற்பார்வையாளர் பதில் போட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். கூடத்தில் எல்லோருடைய சத்தத்தையும் தன் காதுக்கு வராமல் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கும் அந்தக் கூடம் அமைதியாகிவிட்டது. கைகளை மட்டும் பார்த்துப் பழக அது வசதியாகவும் இருந்தது.

அந்தக் கூடங்களுக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். பின்பக்கம் சில இளசுகள் வந்து நிற்பதை அவள் கவனித்தாள். முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பன்னிரண்டு பேர். அமைதியாக நின்றார்கள். கொக்கு கதை சொல்லும்போது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். விளக்கக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. காது கேட்கிற பிள்ளைகளும் இவர்கள் பாஷையை ரசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று டீச்சரிடம்கூடச் சொன்னாள்.

பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஒருவர் செல்போனில் காட்டியதை அவள் கணவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் வாயில் வேடிக்கைப் பேச்சு இல்லை.

"இது உன் விளக்குதானே?" என்று செல்போனை நீட்டினார்.

சின்ன வீடியோ. கொக்கு சிறகை வீசி வீசிக் கதை சொல்கிறது. ஓரத்தில் மஞ்சள் விளக்கோடு அவளே நின்று தலையாட்டுகிறாள். கூட்டம் சிரிக்கிறது. மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரு பெண்ணின் குரல்.

"பக்கத்துலதான் இருக்காரு. இருந்தா என்ன, கேக்கவா போகுது? சுவத்தோட குடும்பம் நடத்துறேன்டி. நான் அழுதா அந்த மிஷின்தான் ஓடும். நான் செத்துக் கிடந்தாலும் இவருக்குப் பசிச்சாத்தான் தெரியும். பொழுது சாஞ்சா சுவத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாரு. என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சிரிச்சதில்லடி."

அந்த இடத்தில் சரியாகக் கொக்கு பொத்தான் தெறிப்பதை நடித்துக் காட்டியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அழுகையும் அபிநயமும் பொருந்தி வருகிற மாதிரி யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே அந்தப் பெண் பேசியதெல்லாம் பெரிய எழுத்தில் ஓடியது. "சுவரின் சம்சாரம்" என்று தலைப்பு வேறு. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் கணவர்.

"நான்தான் மைக்கைத் திறக்கச் சொன்னேன்."

"அதைக் கேக்கலை. அந்த வீட்டுல தெரியுமான்னு கேட்டேன்."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனாள். கூடம் காலியாக இருந்தது. கண்ணாடியில் அவள் உருவம் மட்டும் தெரிந்தது. சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் அழைப்பதாகத் தகவல் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞனின் உருவம். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"வீட்டுல இருக்கறவங்க பேச்சை அவங்க சம்மதம் இல்லாம ஒலிபரப்புறது பெரிய மீறல், மேடம். புகார் குவிஞ்சுடுச்சு. அந்தக் குழுவை மொத்தமா நீக்கியாச்சு."

"அவங்களுக்குக் காதே கேக்காது தம்பி. என்ன ஒலிபரப்பாகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புரியுது மேடம். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"வேற பேர்ல வரலாமா?"

"ஹெட்செட்டையே தடுத்தாச்சு. அதுல இனி சதுக்கம் திறக்காது."

"வீடியோ எடுத்த பசங்க?"

"அதை வெளியில போட்டிருக்காங்க. அது எங்க எல்லைக்குள்ள வராது."

"மைக்கைத் திறக்கச் சொன்னது நான். என்னை நீக்குங்க. அவங்களை விடுங்க."

அவன் கொஞ்சம் தயங்கினான். "இதை எழுத்துல குடுத்துடாதீங்க மேடம். உங்க மேல நல்ல பேர் இருக்கு. வாசல்ல இன்னும் ஆயிரக்கணக்கான பேர் நிக்கிறாங்க, உங்களை மாதிரி ஆள் எங்களுக்கு வேணும்."

அவள் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். வாசலில் யாரோ ஒரு புதியவர், "அக்கா, இங்க எப்படித் திரும்பறது?" என்று கேட்டார். கட்டைவிரலால் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சரின் செல்போன் எண் அவளிடம் இருந்தது. இருவரும் அடுத்த விடுமுறை நாளில் கொக்கைப் பார்க்கப் போனார்கள். டீச்சரை அவள் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒல்லியான, நரைத்த, சேலையை ஒழுங்காக மடித்துக் குத்தின பெண்மணி. கரடிக்கும் அவருக்கும் குரல் மட்டுமே ஒற்றுமை. பஸ்ஸில் போகும்போது டீச்சர் சொன்னார்.

"வீடியோவை முதல்ல பார்த்தது அவருடைய பெரிய பையன். வீட்டுக்கு வந்து ஹெட்செட்டை எடுத்து உடைச்சுட்டானாம். ஏன் உடைக்கிறான்னு இவருக்குப் புரியலை. அவன் செல்போனைக் காட்டியிருக்கான். கீழ எழுத்து ஓடுது இல்லையா, அதைப் படிச்சிருக்கார்."

விளக்கக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வீட்டில் இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனைவி என்ன நினைக்கிறாள் என்பது முகம் தெரியாத யாரோ கேலிக்கு எழுதிப் போட்ட எழுத்தில் அவருக்குத் தெரியவந்திருக்கிறது.

கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு மிஷின், வெட்டுத் துணி குவிந்த மூலை, கம்பியில் தொங்கும் சட்டைகள். மிஷினுக்குப் பின்னால் குள்ளமான ஒரு மனிதர் கழுத்தில் அளவு நாடாவோடு குனிந்திருந்தார். அந்த நெட்டைக் கொக்கு இவர்தான் என்று நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டீச்சர் அவர் கண்ணில் படுகிற மாதிரி போய் நின்று கையால் வணக்கம் சொன்னார். அவர் நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்தார், பின்னால் நின்றவளைப் பார்த்தார். டீச்சர் அவளைக் காட்டி, தலைக்கு மேல் விரல்களை விரித்து விளக்கு என்று காட்டினார். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

விளக்கக்கா அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த சைகையில் மன்னிப்புக் கேட்டாள். சதுக்கத்தில் கற்றுக்கொண்ட, விரல் இல்லாத, முரட்டுச் சைகை. அவர் அதைப் பார்த்தார். மிஷின் நின்றது. மடியில் கிடந்த கைகள் மெல்ல மேலே வந்தன. டீச்சர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்றார். கோபப்படறதுன்னாலும் கையைத் தூக்கணும். அதுக்குத் தெம்பு இல்லையாம்."

"நாங்க சில பேர் வேற ஒரு ஊருக்குப் போறோம்" என்றாள் அவள். "அங்க அஞ்சு விரலும் தெரியும். பேசலைன்னா வெளிய தள்ள மாட்டாங்க. உங்களுக்கு வேற ஹெட்செட் ஏற்பாடு பண்ணிடலாம்."

டீச்சர் அதைச் சைகையில் சொன்னார். அவர் பார்த்துவிட்டு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார். இம்முறை கொஞ்சம் நீளமாகச் சொன்னார். கைகள் வேகம் பிடிக்கவேயில்லை.

"பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி ஒளிஞ்சு கத்துக்கிட்டாராம். அப்புறம் எங்க சங்கத்தில் வாராவாரம் கூடிப் பேசினோம். அந்தக் கட்டடத்தை இடிச்சுட்டாங்க. அப்புறம் தோப்பு. அப்புறம் உங்க ஊரு, அங்க விரல் இல்லாமப் பேசப் பழகினார். ஒவ்வொரு தடவையும் புதுசா நாக்கு முளைக்க வைக்கிற மாதிரி இருந்ததாம். இனிமே முடியாது, போதும்னு சொல்றார்."

"போதும்" என்ற சைகை அவளுக்கும் புரிந்தது. இரண்டு கையையும் விரித்துக் கீழே அழுத்துவது. அழுத்திய கைகளை அவர் மறுபடி மேலே எடுக்கவில்லை. துணியை ஊசிக்குக் கீழே தள்ளினார். மிஷின் ஓட ஆரம்பித்தது. டீச்சர் அவர் கண்ணெதிரே கையை ஆட்டிப் பார்த்தார். அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேளாதவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டால் அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வெளியே வந்தபோது கதவருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கனத்த உடம்பு, ஈரக் கை. எல்லாவற்றையும் உள்வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"நீங்கதான் அந்த விளக்கா?" என்றாள்.

வீடியோவில் கேட்ட அதே குரல். விளக்கக்கா கையைக் கூப்பினாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. உங்க பேச்சு வெளிய கேக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஒட்டுக்கேக்கறது பாவம்னு என் காதுக்கு வராம நிறுத்திட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலை."

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கடைக்குப் போனா, 'சுவத்துக்கு சௌக்கியமா'ன்னு கேக்கறானுங்க. என் தங்கச்சிகிட்ட அழுதேன். வேற யார்கிட்ட அழுவேன்? அதைக் கேட்டுச் சிரிச்சது எத்தனை பேரு. நீங்க ஒருத்தராவது காதை மூடாம இருந்திருக்கலாம். ஒரு பொம்பளை அழறாளேன்னு ஒருத்தராவது கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

அந்தப் பெண் டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"அவரு இப்ப உங்ககிட்ட கையால என்னமோ நிறையச் சொன்னாரே. அவ்வளவும் பேச்சா?"

"ஆமாம்மா" என்றார் டீச்சர், அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு.

"அவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் அவள். "அந்த வீடியோவுல எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கறாங்களே, அப்படி என்னதான் சொன்னாரு?"

டீச்சர் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைக்கிற வாடிக்கையாளரின் கதையைச் சொன்னார். நடுத்தெருவில் நின்று, தட்டையான உரத்த குரலில், பொத்தான் தெறித்தது வரை சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது மூணாவது தெரு கடைக்காரரு" என்று மட்டும் சொன்னாள். "நானும் அப்ப பக்கத்துலதான் இருந்தேன்." பிறகு உள்ளே போய்விட்டாள்.

வேறு ஊருக்குக் கடைசியில் போனவர்கள் ஏழு பேர்தான். குருவியும் பானைத்தலையும் போன் எண்ணை மாற்றிவிட்டார்கள். சிலர் வீட்டில் ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டார்கள். புதிய ஊர் சின்னது. தரை அடிக்கடி நொறுங்கும், மரங்கள் பாதி வெள்ளையாக நிற்கும். ஆனால் விரல் தெரிந்தது. விளக்கக்கா அங்கே புதியவளாகப் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சலவைக்கூடத்துச் சூட்டில் காய்த்துப் போனவை. வளைய மறுக்கும். மற்றவர்கள் பொறுமையாகத் திருத்துவார்கள். கொக்கு சொன்ன கதைகளை அங்கே யாரும் சொல்ல முயலவில்லை.

மாதங்கள் போன பிறகு ஒரு நாள் டீச்சர் அங்கே ஒரு சேதி கொண்டுவந்தார். தையல்காரரின் மனைவி சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு வருகிறாளாம். பெற்றோருக்கான வகுப்பில் சின்னக் குழந்தைகளின் அம்மாக்களோடு பின்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாளாம். வீட்டில் போய்க் கணவரிடம் காட்டுவாளாம். அவர் தையலை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், துணியைக் கொடுத்தால் தைப்பார். அவள் அவர் முன்னால் நின்று "சாப்பாடு", "வெயில்", "தலைவலி" என்று ஒவ்வொன்றாகக் கையால் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாளாம்.

"போன வாரம் 'தங்கச்சி வர்றா'ன்னு சொல்லியிருக்காங்க" என்று டீச்சர் சைகையில் சொன்னார். "விரலைத் தப்பா வச்சிருக்காங்க. அவர் மிஷினை நிறுத்தி, கையைத் தூக்கி ஒரு சொல் சொன்னாராம். அவங்க அதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டு வந்து எனக்குச் செஞ்சு காட்டி, என்ன அர்த்தம்னு கேட்டாங்க."

"என்ன சொல்?" என்று விளக்கக்கா கையால் கேட்டாள்.

டீச்சர் சுட்டுவிரலை நீட்டி, பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டினார். "தப்பு."

அர்த்தத்தைச் சொன்னதும் அந்தப் பெண் வகுப்பு பெஞ்சியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாளாம். தோள் குலுங்கியதாம். அழுதாளா சிரித்தாளா என்று தன் காதுக்குத் தெரியவில்லை என்றார் டீச்சர்.